வாக்களிக்கப் போன வழி: உள்ளூராட்சித் தேர்தல் நாட்குறிப்பு

மே 2, 2025, வெள்ளி. கொழும்பு

யாழ்ப்பாணத்தில் வாக்குள்ளவன் கோட்டையில் ரயில் ஏறினால் நேரே வடக்கே போய் இறங்கிவிடலாம். பல ஆண்டுகளாக நானும் அப்படித்தான் போய் வருகிறேன். இம்முறை ஐந்து நாள் விடுப்புக் கிடைத்ததால், மலையகத்தையும் கிழக்கையும் சுற்றிக்கொண்டு ஆறாம் திகதி காலையில் என் வாக்களிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேருவது என்று தீர்மானித்திருக்கிறேன். ஒரே நாளில் 339 சபைகளுக்குத் தேர்தல் நடக்கிறது. 28 மாநகர சபைகள், 36 நகர சபைகள், 275 பிரதேச சபைகள். இத்தனை சிறு தேர்தல்களையும் தொலைக்காட்சி ஒற்றை வரைபடமாக்கி ஒரே நிறத்தைப் பூசிக் காட்டிவிடும் என்பதால், அதற்கு முன் நாலைந்து ஊர்களையாவது நேரில் பார்த்துவிட நினைத்தேன்.

நேற்று மே தினம் என்பதால் காலிமுகத்திடலில் தேசிய மக்கள் சக்தியின் பெருங்கூட்டம் நடந்தது. இன்று காலை மருதானைப் பக்கம் நடந்தபோது, மின்கம்பங்களுக்கிடையே கட்டியிருந்த சிவப்புக் கொடிகளை இரண்டு பேர் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய காலடியில், மூடியுடைந்த வடிகால் ஒன்று கறுப்பாகத் தேங்கி நின்றது. உள்ளூராட்சித் தேர்தல் உண்மையில் அந்த வடிகாலைப் பற்றியது. குப்பை, தெருவிளக்கு, சந்தை, மயானம், நூலகம், கட்டட அனுமதி, சோலைவரி எனப்படும் வீட்டுச் சொத்துவரி ஆகிய இவற்றைத்தான் சபை பார்க்கிறது. ஆனால் மேடைகளில் இவற்றைப் பற்றிப் பேசியவர்களை நான் அரிதாகவே கேட்டேன்.

நாங்கள் கடைசியாகச் சபைகளுக்கு வாக்களித்தது 2018 பெப்ரவரி 10ஆம் திகதி. அடுத்த தேர்தல் 2023 மார்ச் 9இல் நடந்திருக்க வேண்டும். பணமில்லை என்று அன்றைய அரசு தள்ளிப்போட்டது. அப்படித் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதற்கிடையில் சபைகளின் ஆயுள் முடிந்து, இரண்டாண்டுகளுக்கு மேலாக ஆணையாளர்களும் செயலாளர்களுமே எல்லாவற்றையும் நடத்தி வருகிறார்கள். 2023இல் ஏற்கப்பட்டிருந்த வேட்புமனுக்களை இந்த ஆண்டு தனிச் சட்டம் இயற்றித்தான் இல்லாமலாக்க வேண்டியிருந்தது.

2018 பெறுபேற்றை இன்று எடுத்துப் பார்த்தால் வேறொரு நாட்டின் கணக்கைப் போலிருக்கிறது. 2016இல் பிறந்த பொதுஜன பெரமுனவின் தாமரை மொட்டு அன்று 40 சதவீத வாக்குகளுடன் 200க்கும் மேற்பட்ட சபைகளில் முன்னணிக்கு வந்தது. 2019இல் ஜனாதிபதிப் பதவியும் 2020இல் பாராளுமன்றத்தின் 145 ஆசனங்களும் அதற்குக் கிடைத்தது அந்தச் சபைகளிலிருந்து தொடங்கிய ஏற்றத்தால்தான். அதே 2018 தேர்தலில் மக்கள் விடுதலை முன்னணி பெற்றது ஆறு சதவீதத்துக்கும் குறைவு. நாடு முழுவதும் 434 உறுப்பினர்கள். அந்த முன்னணியை அச்சாணியாகக் கொண்ட தேசிய மக்கள் சக்திதான் கடந்த நவம்பரில் 225 ஆசனங்களில் 159ஐப் பிடித்தது. ஆகவே சபைத் தேர்தல் சிறியது என்று யாரும் சொன்னால் நான் நம்பமாட்டேன். நாடு எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுவதுண்டு.

மே 3, சனி. ஹற்றன்

காலை ரயிலில் மலையேறினேன். ஹற்றன் நகரில் இன்று நள்ளிரவோடு பிரசாரம் ஓய்கிறது என்பதால் ஒலிபெருக்கி வண்டிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி, தொழிலாளர் காங்கிரஸின் சேவல், ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசி என எல்லாச் சின்னங்களுக்கும் பாட்டு இருந்தது. பாட்டுகளை மாற்றிப் போட்டாலும் எவருக்கும் வித்தியாசம் தெரிந்திராது.

பிற்பகலில், தெரிந்தவர் ஒருவரின் வழிகாட்டலில் ஒரு தோட்டத்துக்குப் போனேன். லயன் குடியிருப்பு வரைக்கும் போகும் பாதை அரைக் கிலோமீற்றர் தூரத்துக்கு வெறும் கற்களாகக் கிடந்தது. பிரதேச சபையிடம் கேட்டீர்களா என்றேன். "கேட்டா தோட்டத்துப் பாதைம்பாங்க ஐயா, தோட்டத்தைக் கேட்டா சபையைக் கேளும்பாங்க" என்றார் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அம்மா.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் முப்பதாண்டுச் சட்ட வரலாறு இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டப் பகுதிக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகக்கூட வரலாம். ஆனால் தம்முடைய லயத்துக்கு ஒரு பாதை போட முடியாது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், பல இலட்சம் மக்களுக்கு நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டே பிரதேச சபைகள் இருந்த நிலை மாற்றப்பட்டு அவை ஆறாகப் பிரிக்கப்பட்டன. சட்டம் திருந்தி ஏழாண்டாகியும் அந்த அம்மாவின் பாதையில் கல்தான் கிடக்கிறது. அதிலே கடைசி இரண்டாண்டு கேட்பதற்கு உறுப்பினரே இல்லாத காலம்.

இங்கே தேர்தல் பேச்செல்லாம் 1,700 ரூபாய் நாட்சம்பளத்தைப் பற்றியே சுழல்கிறது. சம்பளத்தை நிர்ணயிப்பது பிரதேச சபையின் வேலையல்ல என்பது கேட்பவர்களுக்கும் சொல்பவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் தொழிற்சங்கமும் கட்சியும் ஒன்றாகவே இருந்து பழகிய மண்ணில், வாக்கை வேறு எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு இன்னும் விடை பிறக்கவில்லை. கடந்த நவம்பரில் இந்த மாவட்டம் தேசிய மக்கள் சக்திக்கு ஐந்து ஆசனங்களைக் கொடுத்தது. பரம்பரையாகச் சேவலுக்குப் போட்டு வந்த பெரியவர் ஒருவர், அப்போது மாற்றிப் போட்டதாகவும் இப்போது திரும்பவும் மாற்றப்போவதாகவும் சொன்னார். காரணம் கேட்டதற்கு, பாராளுமன்றத்துக்கு அனுப்புகிறவரைத் தினமும் பார்க்க வேண்டியதில்லை, சபைக்கு அனுப்புகிறவர் பக்கத்து லயத்தில் இருக்க வேண்டும் என்றார்.

மே 4, ஞாயிறு. மட்டக்களப்பு

பதுளையிலிருந்து பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் பாதையில் நாள் முழுவதும் பேருந்திலேயே கழிந்தது. குளிரில் போட்ட மேற்சட்டையை மகா ஓயாவில் கழற்றினேன். பார்த்த சிங்களக் கிராமங்களில் திசைகாட்டிச் சுவரொட்டிகளே மிகுதியாக இருந்தன. ஒரு சந்தியில் மட்டும் வெளிறிப்போன தாமரை மொட்டுப் பலகை ஒன்று, 2020ஆம் ஆண்டினதாக இருக்கலாம், கோழிக்கூட்டுக்குக் கூரையாகியிருந்தது.

மட்டக்களப்புக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. கடந்த பாராளுமன்றத் தேர்தலில் 22 மாவட்டங்களுள் 21இல் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றபோது, அதைத் தராத ஒரே மாவட்டம் இதுதான். தமிழரசுக் கட்சி இங்கே மூன்று ஆசனங்களை எடுத்தது. யாழ்ப்பாணத்தவர்களாகிய நாங்கள், தமிழ்த் தேசியம் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நவம்பரில் திசைகாட்டிக்குப் போட்டுவிட்டு வந்ததை, நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் இராச்சாப்பாட்டின்போது மூன்று தடவை நினைவுபடுத்தினார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

மே 5, திங்கள். கல்முனை

இங்கே நாளை தேர்தல் இல்லை. மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் வழியில் சுவர்களிலும் மதில்களிலும் சின்னங்கள் நிறைந்திருக்க, கல்முனை எல்லைக்குள் வந்ததும் சுவர்கள் வெறுமையாகிவிட்டன. நீதிமன்ற வழக்கினால் கல்முனை மாநகர சபைக்கு மட்டும் வாக்களிப்பு நடைபெறவில்லை. நாட்டிலுள்ள 341 சபைகளில் 339க்குத்தான் நாளை வாக்களிப்பு என்பதன் கணக்கு இதுதான்: ஒன்று கல்முனை, மற்றது கடந்த ஒக்டோபரிலேயே தனியாகத் தேர்தல் நடந்து முடிந்த எல்பிட்டிய பிரதேச சபை.

கல்முனை மாநகர சபைக்குள் அடங்கும் சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்ற கோரிக்கை பழையது. 2018இல் அங்கு பெருங்கட்சிகளைப் புறந்தள்ளித் தோடம்பழச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவே வென்றது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபையை அறிவித்து வர்த்தமானி வெளிவந்தது. சில நாட்களுக்குள் அது நிறுத்தப்பட்டது. இன்னொரு பக்கம் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் தமிழர்களின் கோரிக்கை தீராமல் நிற்கிறது. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று முடிவாகாத வரையில், கோட்டுக்குள் இருப்பவர்கள் யாருக்கு வாக்களிப்பது?

கடற்கரைப் பள்ளிவாசல் பக்கமுள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்து கடைக்கார நானாவிடம் இதைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எலக்சன் இல்லாட்டியும் சோலைவரி வருது தம்பி" என்று மட்டும் சொன்னார். பிறகு என் கைப்பேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் என்ன நடக்கிறது என்று அறிவிக்கச் சொன்னார். இரவுப் பேருந்துக்கு நேரமாகிறது.

மே 6, செவ்வாய். யாழ்ப்பாணம்

ஆனையிறவில் விடிந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு எட்டரை மணிக்கு வாக்களிப்பு நிலையமான பாடசாலைக்குப் போனபோது எனக்கு முன்னால் பதினொரு பேர்தான் நின்றார்கள். நவம்பரில் இதே வாசலில் முக்கால் மணிநேரம் நின்றிருக்கிறேன்.

வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர்களும் சின்னங்களும்தான் இருந்தன. விருப்பு வாக்கு என்ற ஒன்று இத்தேர்தலில் இல்லை, ஒரே புள்ளடிதான். அந்த ஒரு புள்ளடி இரண்டு வேலை செய்கிறது. வட்டாரத்தில் யார் வெல்வது என்பதையும், சபை முழுவதிலும் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. உறுப்பினர்களில் 60 சதவீதம் வட்டாரங்களிலிருந்தும் 40 சதவீதம் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். 43 சதவீத வாக்குப் பெற்ற கட்சி வட்டாரங்களைக் கொத்தோடு வென்றாலும், மற்றவர்கள் தங்கள் வாக்குக்குரிய பங்கைப் பட்டியல் வழியாகப் பெற்று உள்ளே வந்துவிடுவார்கள். எல்பிட்டியவில் அலையின் உச்சத்திலேயே தேசிய மக்கள் சக்திக்கு 30 ஆசனங்களில் சரியாக 15தான் கிடைத்தது என்பதை அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. இந்த முறைமையில் நல்லதும் உண்டு. 25 சதவீதப் பெண்கள் ஒதுக்கீடு இதனுடன்தான் வந்தது. அதற்கு முன் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் இரண்டு சதவீதமும் இருக்கவில்லை.

வெளியே மாமர நிழலில் நின்ற முதியவர்களின் பேச்சில் இரண்டு விடயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, வடக்கில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணி தொடர்பாக மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி. உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்பது, உறுதியைத் தொலைத்துவிட்டுக் கனடாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. மற்றது, தம்முடைய கட்சி நடத்தும் சபைகளின் முன்மொழிவுகளுக்கு உடனே நிதி கிடைக்கும், மற்றவற்றைப் பலமுறை சோதிக்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் ஏப்ரலில் ஜனாதிபதி பேசிய பேச்சு. "காசைக் காட்டி வாக்குக் கேட்டால் அது பழைய ஆட்கள் மாதிரித்தானே அண்ணை" என்றான் முதல்முறை வாக்களிக்க வந்த பக்கத்து வீட்டுப் பொடியன். அவன் நவம்பரில் வாக்காளர் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் திசைகாட்டிக்குத்தான் போட்டிருப்பேன் என்றும் ஒத்துக்கொண்டான்.

நாலு மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. வட்டார முடிவுகள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தொலைபேசியில் வரத் தொடங்கிவிட்டன.

மே 7, புதன். யாழ்ப்பாணம்

தேசிய மக்கள் சக்திக்கு 43 சதவீதம், 45 இலட்சம் வாக்குகள், 3,927 உறுப்பினர்கள், 260க்கும் மேற்பட்ட சபைகளில் முதலிடம். ஐக்கிய மக்கள் சக்திக்கு 22 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பொதுஜன பெரமுனவுக்கு ஒன்பது சதவீதம், 742 உறுப்பினர்கள். பாராளுமன்றத்தில் மூன்றே ஆசனங்களோடு நிற்கும் கட்சிக்கு இது மூச்சு வந்தது போன்றது. 2018இன் நினைவோடு பார்த்தால் இடிந்த வீட்டில் ஒரு சுவர் மிஞ்சியது போன்றது.

தொலைக்காட்சி நான் எதிர்பார்த்தபடியே வரைபடத்துக்குச் சிவப்பைப் பூசியது. ஆனால் நவம்பரில் அந்தக் கட்சி பெற்றது 68 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள். ஆறே மாதத்தில் 23 இலட்சம் குறைந்திருக்கிறது. வாக்களிப்பு வீதம் குறைந்ததும் ஒரு காரணம்தான், அது மட்டுமே காரணமல்ல. முதலிடம் பெற்ற சபைகளிலும் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் அறுதிப் பெரும்பான்மை இல்லை. அரசு தரப்பு இதைப் பெருவெற்றி என்கிறது, எதிர்த்தரப்பு சரிவு என்கிறது. நான் கடந்து வந்த ஊர்களை வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தவில்லை. ஹற்றன் பெரியவர் சொன்னதுதான் நெருக்கமாகப் படுகிறது: மக்கள் ஆட்சிக்கு ஒரு கணக்கும் சபைக்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். வடக்கு கிழக்கில் அந்தக் கணக்கு மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் திசைகாட்டி சுமார் 80,000 வாக்குகளும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் சுமார் 63,000 வாக்குகளும் பெற்றிருந்தன. நேற்று வீடு மீண்டும் முன்னே வந்துவிட்டது. தமிழரசுக் கட்சிக்கு நாட்டளவில் 377 உறுப்பினர்கள்; முப்பதுக்கும் மேற்பட்ட சபைகளில் அதுவே முதலிடம்.

ஆனாலும் வீட்டுச் சின்னக்காரர்கள் வெடி கொளுத்தியதை நான் அவ்வளவு இரசிக்கவில்லை. யாழ்ப்பாண மாநகர சபையின் 45 ஆசனங்களில் வீட்டுக்கு 13, தமிழ்க் காங்கிரஸின் சைக்கிளுக்கு 12, திசைகாட்டிக்கு 10. மீதியை ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் சங்கும் ஈபிடிபியின் வீணையும் பிறரும் பகிர்ந்துகொண்டார்கள். பிரிந்து நின்று பெற்ற வெற்றியின் கணக்கு இது.

மாலையில் பொது நூலகத்துக்கு நடந்தேன். அது மாநகர சபையின் சொத்து என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1981 ஜூன் 4இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்கவிருந்தது. அதற்கு நான்கு நாட்கள் முன்னதாக, மே 31 இரவு, நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. உள்ளூர்ச் சபையொன்றுக்கான தேர்தல் இந்த ஊரில் என்ன விலை கேட்டது என்பதற்கு அந்த வெள்ளைக் கட்டடம் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி முதல்வர்களின் பெயர்ப் பட்டியல். அல்பிரட் துரையப்பா 1975 ஜூலையில் கொல்லப்பட்டார். நெடுங்காலத்துக்குப் பின் 1998இல் தேர்தல் நடந்து முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதத்திலும், அவருக்குப்பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரிலும் கொல்லப்பட்டனர். நேற்றுக் காலை பதினொரு பேர் கொண்ட வரிசையில் சலிப்போடு நின்றேன். அப்படிச் சலித்துக்கொள்ள முடிவதும் ஒரு வசதிதான் என்று நூலகப் படியில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

ஜூன் 13, வெள்ளி. பிற்சேர்க்கை

வாக்களிப்பு முடிந்து ஐந்து வாரங்களின் பின், கொழும்பிலிருந்து இதை எழுதுகிறேன். ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் ஆசனமில்லாத சபைகளில் முதல்வரையும் தவிசாளரையும் உறுப்பினர்களே முதல் அமர்வில் தெரிவு செய்ய வேண்டும் என்பதால், ஒரு மாதமாக நாடு முழுவதும் பேரம் நடந்தது. எங்கள் ஊரில் சைக்கிளும் சங்கும் உடன்பாடொன்றில் கையெழுத்திட்டன. தமிழரசுக் கட்சித் தலைமை, பல்லாண்டுகளாகத் தன் மேடைகளில் அரசின் ஆட்கள் என்று திட்டித் தீர்த்த ஈபிடிபியின் வாசலுக்குப் போய்ப் பேசியது. இன்று தமிழரசுக் கட்சியின் மதிவதனி விவேகானந்தராஜா முதல்வராகத் தெரிவாகியிருக்கிறார். சரோஜினி யோகேஸ்வரன் இருந்த கதிரையில் மீண்டும் ஒரு பெண் அமர்வதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. வீணையை வாசித்துத்தான் வீட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்ற நக்கலைத் தொலைபேசியில் இதுவரை நால்வர் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 16, திங்கள்

கொழும்பு மாநகர சபையின் முதல் அமர்வு இன்று. 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு 48தான். ஐக்கிய மக்கள் சக்தியின் 29ஐயும் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்தின் 13ஐயும் மற்றவர்களையும் ஒன்றுசேர்த்தால் முதல்வர் பதவி எதிரணிக்குத்தான் என்று கூட்டிக் கழித்தவர்கள் பலர். வாக்கெடுப்பு இரகசியமாக நடந்தது; 61க்கு 54 என்று தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசார் வென்றார். பத்திற்கும் மேற்பட்ட கைகள் மறைப்புக்குப் பின்னால் வேறு பக்கம் போயிருக்கின்றன. நெடுங்காலம் ஐக்கிய தேசியக் கட்சியின் கோட்டையாயிருந்த வெள்ளை நகர மண்டபத்துக்கு எதிரே, விகாரமகாதேவிப் பூங்கா மதிலருகில், மதிய இடைவேளையில் சற்று நேரம் நின்றேன். யாழ்ப்பாணத்தில் நடந்ததைத் திசைகாட்டிக்காரர்கள் சந்தர்ப்பவாதம் என்றார்கள். இங்கே நடந்ததை மக்கள் ஆணை என்றார்கள்.

சொன்ன வாக்கின்படி கல்முனை நானாவுக்கு இரண்டு செய்தியையும் அனுப்பினேன். பின்னேரம் பதில் வந்திருந்தது: "சந்தோசம் தம்பி. இஞ்ச இன்னும் ஆணையாளர்தான். கடைக்கு முன்னால லைட் எரியல்ல, ஆரிட்டச் சொல்றண்டு தெரிஞ்சா சொல்லுங்க."